என்.எஃப்.எல் பிளேஆஃப்: ஆட்டச் சுருக்கமும் முன்கணிப்பும் எழுதும் முறை

2025 ஜனவரி 19 அன்று, அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்லின் பிளேஆஃபில் (சீசன் முடிவில், தோற்றால் வெளியேறும் சுற்றுகளில்), பனி கொட்டிக்கொண்டிருந்த ஆர்ச்சர்ட் பார்க்கில் பஃபலோ பில்ஸ் அணி பால்டிமோர் ரேவன்ஸை 27–25 என்று வென்றது. யார்டுக் கணக்கு (பந்தை முன்னே நகர்த்திய மொத்தத் தூரம்) வேறு கதை சொல்கிறது: ரேவன்ஸ் 416, பில்ஸ் 273. இந்த ஆட்டத்தைப் பற்றி “பில்ஸ் கடைசிவரை விட்டுக்கொடுக்காமல் ஆடியது” என்று எழுதினால், படிப்பவருக்கு எதுவும் கிடைக்காது. ரேவன்ஸ் மூன்று முறை பந்தைப் பறிகொடுத்தது, பில்ஸ் ஒரு முறைகூடப் பறிகொடுக்கவில்லை என்று எழுதினால், ஆட்டம் ஏன் அப்படி முடிந்தது என்பதும் தெரியும், அடுத்த வாரம் பில்ஸை எவ்வளவு நம்பலாம் என்பதும் தெரியும்.

சுருக்கமும் முன்கணிப்பும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். நடந்தவற்றுள் திரும்ப நடக்கக்கூடியது எது, அன்றைக்கு மட்டும் வாய்த்தது எது என்று பிரிப்பதுதான் அந்த வேலை. அதைச் சரியாகச் செய்த சுருக்கத்தில் அடுத்த வாரக் கணிப்பின் முக்கால் பங்கு ஏற்கெனவே இருக்கும்.

அமைப்பில் தவறு வேண்டாம்

2020 சீசனிலிருந்து பிளேஆஃபில் 14 அணிகள்: லீகின் இரு பாதிகளான ஏ.எஃப்.சி.யில் 7, என்.எஃப்.சி.யில் 7. ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு டிவிஷன் (நான்கு அணிகள் கொண்ட குழு) வெற்றியாளர்கள் முதல் நான்கு இடங்களிலும், டிவிஷனை வெல்லாமல் நல்ல வெற்றிக்கணக்கால் நுழையும் மூன்று வைல்ட் கார்டு அணிகள் 5, 6, 7ஆம் இடங்களிலும் நிற்கும். முதலிட அணிக்கு முதல் வாரம் ஓய்வு. மற்றவை 2–7, 3–6, 4–5 என மோதும். மொத்தம் 13 ஆட்டங்கள்: 6, 4, 2, கடைசியில் இறுதி ஆட்டமான சூப்பர் பௌல்.

புதிதாக எழுதுபவர்கள் இரண்டு இடங்களில் சறுக்குகிறார்கள். ஒன்று, இங்கே அட்டவணை நிலையானது இல்லை. இரண்டாவது சுற்றில் முதலிட அணி, மீதமிருப்பவற்றுள் கடைசி இடத்திலுள்ள அணியோடு ஆடும். ஆகவே முதல் வாரத்திலேயே கோடு போட்டு, கடைசிச் சுற்றுவரை எதிராளி யார் என்று எழுதிவைக்க முடியாது. இரண்டு, 4ஆம் இடம் 5ஆம் இடத்தைவிட வலுவானது என்று பொருளில்லை. பலவீனமான டிவிஷனை வென்ற அணி நான்காவதாக வரும். அதைவிட நல்ல வெற்றிக்கணக்கு உள்ள வைல்ட் கார்டு அணி ஐந்தாவதாக, வெளியூரில் போய் ஆடும். 2010 சீசனில் சியாட்டில் சீஹாக்ஸ் 7 வெற்றி 9 தோல்வியோடு நான்காம் இடத்தில் நுழைந்து, தன் மைதானத்தில் நியூ ஆர்லியன்ஸ் செயிண்ட்ஸை 41–36 என்று வென்றது. சொந்த மைதானம் அங்கே பரிசாகக் கிடைத்தது, வலிமைக்கு அடையாளமாக இல்லை.

கூடுதல் நேர விதியையும் சரியாக எழுதுங்கள். 2022 ஜனவரியில் கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் பில்ஸை 42–36 என வென்றபோது, கூடுதல் நேரத்தில் பில்ஸின் தாக்குதல் பிரிவு களத்துக்கே வரவில்லை. அதற்குப் பிறகுதான் பிளேஆஃபில் இரு அணிகளுக்கும் ஒரு முறையாவது பந்து கிடைக்க வேண்டும் என்று விதி மாறியது. பழைய ஆட்டத்தை எடுத்துக்காட்டும்போது அன்று எந்த விதி இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நம் நேரத்தில் பார்ப்பவர்கள் தேதியிலும் தவறுவார்கள். குளிர்காலத்தில் அமெரிக்கக் கிழக்கு நேரம் இந்திய நேரத்துக்குப் பத்தரை மணி நேரம் பின்னால் இருக்கிறது. ஞாயிறு மாலை 6:30க்குத் தொடங்கும் சூப்பர் பௌல் நமக்குத் திங்கள் காலை 5 மணி. கட்டுரையில் ஆட்டம் நடந்த ஊரின் தேதியையே எழுதுங்கள்.

பார்க்கும்போது: டிரைவ் தாள்

ஒவ்வொரு பிளேயையும் (பந்தை நகர்த்தும் ஒரு முயற்சியையும்) குறித்துக்கொண்டிருந்தால் ஆட்டத்தைப் பார்க்க முடியாது. டிரைவ் டிரைவாகக் குறித்தால் போதும்; ஓர் அணி பந்தைப் பெற்றதிலிருந்து அதை விடும்வரை ஒரு டிரைவ். ஒரு அணிக்கு ஓர் ஆட்டத்தில் பெரும்பாலும் 9 முதல் 12 டிரைவ்கள்தான் வரும். இரு அணிக்கும் சேர்த்து ஒரே தாளில் அடங்கும். ஒவ்வொரு வரியிலும் ஆறு விவரங்கள்: தொடங்கிய யார்டுக் கோடு, பிளே எண்ணிக்கை, மொத்த யார்டு, எப்படி முடிந்தது (பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்கு அப்பால் கொண்டுசேர்க்கும் டச் டவுன், உதைத்துப் புள்ளி எடுக்கும் ஃபீல்ட் கோல், பந்தை எதிரணிக்கு உதைத்துக் கொடுக்கும் பன்ட், பந்தைப் பறிகொடுக்கும் டர்னோவர், 10 யார்டு நகரக் கிடைக்கும் நான்கு முயற்சிகளுள் கடைசியான நான்காவது டவுனில் தோல்வி), அப்போதைய கடிகாரம், அப்போதைய ஸ்கோர். ஓரத்தில் ஒரு குறிப்புக்கு இடம் விடுங்கள்: யார் காயத்தோடு வெளியேறினார், எந்தப் பெனால்டி டிரைவை உயிர்ப்பித்தது, எந்தப் பந்து கையில் பட்டு நழுவியது.

தொடங்கிய இடத்தைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். எதிரணியின் 30ஆம் யார்டிலிருந்து தொடங்கி எடுத்த டச் டவுனும், சொந்த 10ஆம் யார்டிலிருந்து 90 யார்டு நடந்து எடுத்த டச் டவுனும் ஸ்கோர்பலகையில் ஒன்றுதான். முதலாவதற்குப் பாராட்டு தடுப்புப் பிரிவுக்கோ பன்ட் ரிட்டர்ன் ஆட்டக்காரருக்கோ போக வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகு அதிகாரப்பூர்வப் புள்ளிவிவரத்தோடு தாளை ஒப்பிட்டுச் சரிசெய்யுங்கள். பிளே வாரியான தரவு வேண்டுமென்றால், 1999 முதலான எல்லாச் சீசன்களுக்கும் என்.எஃப்.எல்.ஃபாஸ்ட்ஆர் என்ற இலவசத் தொகுப்பில் இருக்கிறது.

பிரித்தெடுப்பது

இதுதான் கடினமான பகுதி. நேரத்தில் பாதியை இதற்கே கொடுங்கள்.

நிலையானவற்றிலிருந்து தொடங்குங்கள். ஒவ்வொரு பிளேயும் வெற்றியா என்று பார்க்க ஓர் எளிய அளவுகோல் உண்டு: முதல் டவுனில் தேவையான யார்டில் 40 விழுக்காடு, இரண்டாவதில் 60 விழுக்காடு, மூன்றாவதிலும் நான்காவதிலும் முழுவதும் கிடைத்தால் அது வெற்றி. முதல் டவுனில் 10 யார்டு தேவை, 4 கிடைத்தது என்றால் வெற்றி. 3 என்றால் தோல்வி. நேரம் கடத்த முழங்காலிடும் பிளேக்களையும், கடிகாரத்தை நிறுத்தப் பந்தைத் தரையில் அடிக்கும் பிளேக்களையும் நீக்கிவிட்டு விழுக்காடு எடுங்கள். இந்த எண், ஓர் ஆட்டத்தின் மொத்த யார்டைவிட நம்பகமானது. 75 யார்டு ஓட்டம் ஒன்று மொத்தத்தை வீங்கச் செய்யும். இதில் அது ஒரே ஒரு வெற்றிதான்.

இதன் அண்ணன் ஈ.பி.ஏ. ஒவ்வொரு டவுன், தூரம், களநிலைக்கும் சராசரியாக எத்தனை புள்ளி வரும் என்று பழைய ஆட்டங்களிலிருந்து கணக்கிட்டு, ஒரு பிளே அந்த எதிர்பார்ப்பை எவ்வளவு ஏற்றியது அல்லது இறக்கியது என்று சொல்லும் அளவு. ஒரு டர்னோவர் சராசரியாக ஏறக்குறைய 4 புள்ளி மதிப்புள்ளது என்பது இந்தக் கணக்கில் வருவதுதான். ரேவன்ஸின் மூன்று டர்னோவர்கள் என்றால் சுமார் 12 புள்ளி. தோற்றதோ 2 புள்ளியில்.

அந்த மூன்றும் ஒரே வகை இல்லை. எறிந்த பந்தை எதிரணி பிடித்துவிடும் இன்டர்செப்ஷனில், பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் பங்கு இருக்கிறது. தொடர்ந்து தவறாக எறிபவர் அடுத்த வாரமும் எறியலாம். பந்தைத் தட்டிவிடுவதில் தடுப்பாட்டக்காரரின் திறமை உண்டு. தரையில் விழுந்த பந்தை எந்த அணி அள்ளுகிறது என்பது மட்டும் கிட்டத்தட்ட நாணயம் சுண்டுவதுபோல. ஆகவே “ஃபம்பிள் (கையிலிருந்து பந்து நழுவியது) நடந்தது” என்று ஓரிடத்திலும் “யார் எடுத்தார்கள்” என்று இன்னோரிடத்திலும் குறியுங்கள். அதே ஆட்டத்தில் 1:33 நிமிடம் மீதமிருக்க, டச் டவுனுக்குப் பிந்தைய இரண்டு புள்ளி முயற்சியில் ரேவன்ஸின் மார்க் ஆண்ட்ரூஸ் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டார். அது ஆட்டத்தை முடித்தது. ஆனால் அடுத்த சீசன் ரேவன்ஸைப் பற்றி அந்த ஒரு பந்து எதுவும் சொல்லாது.

முந்தைய நாள் இன்னும் தெளிவான பாடம் டெட்ராய்ட்டில் நடந்தது. 15 வெற்றி 2 தோல்வி என்று முதலிடம் பிடித்த டெட்ராய்ட் லயன்ஸ், ஆறாம் இடத்து வாஷிங்டன் கமாண்டர்ஸிடம் 45–31 என்று தோற்றது. லயன்ஸ் எடுத்தது 521 யார்டு; பறிகொடுத்தது ஐந்து முறை. “கமாண்டர்ஸை இனி யாராலும் நிறுத்த முடியாது” என்று அந்த இரவு எழுதுவது எளிது. ஐந்து டர்னோவர் அடுத்த வாரமும் கிடைக்கும் என்று எண்ணாதவர் அப்படி எழுதமாட்டார். எட்டு நாள் கழித்துக் கமாண்டர்ஸ் நான்கு முறை பந்தைப் பறிகொடுத்து, பிலடெல்ஃபியா ஈகிள்ஸிடம் 55–23 என்று வீழ்ந்தது.

முடிந்துபோன ஆட்டத்தில் வரும் எண்களையும் தனியே வையுங்கள். 2025 பிப்ரவரி 9 சூப்பர் பௌலில் ஈகிள்ஸ் சீஃப்ஸை 40–22 என வென்றது. இறுதி ஸ்கோரை மட்டும் பார்ப்பவர், சீஃப்ஸ் ஓரளவு ஈடுகொடுத்தது என்று நினைப்பார். இடைவேளையில் ஸ்கோர் 24–0. அதுவரை சீஃப்ஸ் எடுத்திருந்தது வெறும் 23 யார்டு. மூன்றாவது குவார்ட்டரில் 34–0 ஆனது. சீஃப்ஸின் கடைசி இரண்டு டச் டவுன்களும், 40–6 என்று ஆன பிறகு இறுதி மூன்று நிமிடத்துக்குள் வந்தவை. ஆறு முறை சீஃப்ஸ் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் சாக் செய்யப்பட்டார் (பந்தை எறியுமுன் வீழ்த்தப்பட்டார்), அதுவும் ஈகிள்ஸ் ஒரு முறைகூடக் கூடுதல் ஆளை அனுப்பாமல், நான்கு பேரைக் கொண்டே. சுருக்கத்தின் முதல் பத்தியில் நிற்க வேண்டியது இந்த வரி. நடைமுறை விதி: நான்காவது குவார்ட்டரில் ஒரு பக்கத்தின் வெற்றி வாய்ப்பு 95 விழுக்காட்டைத் தாண்டிய பிறகு வரும் பிளேக்களை, அணியின் தரத்தை அளக்கும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

இன்னொரு கண்ணி: “100 யார்டு ஓடிய அணி வெல்கிறது”, “பந்தை அதிக நேரம் வைத்திருந்ததால் வென்றது” என்பவை. முன்னிலை பெற்ற அணி கடிகாரத்தைக் கரைக்க ஓடும். அதனால் ஓட்ட எண் கூடும். காரணமும் விளைவும் இடம் மாறி நிற்கின்றன. முதல் மூன்று குவார்ட்டரின் எண்களை எடுத்துப் பாருங்கள், பெரும்பாலும் கதை மாறும்.

முடிவையும் விளைவையும்கூடப் பிரியுங்கள். 2024 ஜனவரி 28 அன்று சான்டா கிளாராவில் இடைவேளைக்கு 24–7 என்று முன்னிலையில் இருந்த லயன்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோ ஃபார்ட்டிநைனர்ஸிடம் 34–31 என்று தோற்றது. பயிற்சியாளர் டேன் கேம்பெல் இரண்டு முறை ஃபீல்ட் கோலை விட்டு நான்காவது டவுனில் முயன்றார், இரண்டும் கைகூடவில்லை. முதல் முயற்சியில் ஜோஷ் ரெனால்ட்ஸ் பந்தை நழுவவிட்டார். “தவறான முடிவு” என்று எழுதுமுன் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்: எத்தனை யார்டு தேவைப்பட்டது, உதைத்திருந்தால் தூரம் எவ்வளவு, அப்போதைய ஸ்கோர் என்ன. பதில்களை எழுதிவிட்டுத் தீர்ப்புச் சொன்னால் வாசகர் உங்களோடு உடன்படாமல் போனாலும் நம்புவார்.

சுருக்கத்தை எழுதும்போது

முதல் வாக்கியத்தில் யார், யாரை, எத்தனைக்கு எத்தனை, எந்தச் சுற்று, அடுத்து யாரோடு. இரண்டாவது வாக்கியத்தில் ஏன். காலவரிசைப்படி முதல் உதையிலிருந்து தொடங்காதீர்கள். ஆட்டத்தைத் திருப்பிய இரண்டு அல்லது மூன்று டிரைவ்களை மட்டும் விரித்து எழுதுங்கள். தாளில் மீதமிருப்பதை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகலாம். 600 சொல்லுக்குள் முடித்தால் நல்லது.

கலைச்சொற்களில் சிரமப்பட வேண்டாம். டச் டவுன், குவார்ட்டர்பேக், சாக், பன்ட் என்று அப்படியே எழுதுங்கள். புதுச் சொல் படைத்தால் ஆட்டம் தெரிந்தவருக்கும் புரியாது. “மூன்றாவது டவுன், 7 யார்டு தேவை” என்பதுபோல் நிலையைச் சொல்லும் வாக்கியம் போதும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: கால்பந்து என்று தனியாக எழுதினால் நம் வாசகர் வேறு ஆட்டத்தை நினைப்பார்.

காயத்தால் சிதைந்த ஆட்டத்தை அப்படியே சொல்லிவிடுங்கள். 2023 ஜனவரி 29 அன்று ஈகிள்ஸ், ஃபார்ட்டிநைனர்ஸை 31–7 என்று வென்றபோது, ஃபார்ட்டிநைனர்ஸ் குவார்ட்டர்பேக் பிராக் பர்டி முதல் டிரைவிலேயே முழங்கையில் அடிபட்டார். மாற்று ஆட்டக்காரரும் பிறகு வெளியேறினார். அந்த ஸ்கோரிலிருந்து ஃபார்ட்டிநைனர்ஸ் தாக்குதலைப் பற்றி எதையும் முடிவுகட்ட முடியாது.

கணிப்பு: அடிப்படை எண்ணிலிருந்து

“யார் வெல்வார்கள் என்று தோன்றுகிறது” என்பதிலிருந்து தொடங்கினால், பிறகு சேர்க்கும் காரணங்களெல்லாம் அந்த எண்ணத்துக்கு வக்காலத்து வாங்கும். எண்ணிலிருந்து தொடங்குங்கள். எளிதானது, சீசன் முழுதும் எடுத்த புள்ளிகளுக்கும் விட்ட புள்ளிகளுக்கும் உள்ள வித்தியாசம். வெற்றி–தோல்விக் கணக்கைவிட இது நன்றாக வேலைசெய்யும். காரணம், நூலிழை வெற்றிகள் ஆண்டுதோறும் ஒரே அணிக்கு வாய்ப்பதில்லை.

மேலே சொன்ன சூப்பர் பௌலையே போட்டுப் பார்ப்போம். 2024 சீசனில் சீஃப்ஸ் 15–2, ஈகிள்ஸ் 14–3. சீஃப்ஸ் எடுத்தது 385, விட்டது 326: வித்தியாசம் 59, ஆட்டத்துக்கு 3.5. ஈகிள்ஸ் 463, 303: வித்தியாசம் 160, ஆட்டத்துக்கு 9.4. இங்கே ஒரு திருத்தம் அவசியம். கடைசி வாரத்தில் இரு அணிகளும் முக்கிய ஆட்டக்காரர்களுக்கு ஓய்வு கொடுத்தன. சீஃப்ஸ் அந்த ஆட்டத்தில் 38–0 என்று தோற்றது, ஈகிள்ஸ் 20–13 என்று வென்றது. அவற்றை நீக்கினால் 16 ஆட்டங்களில் சீஃப்ஸ் +97, அதாவது 6.1, ஈகிள்ஸ் +153, அதாவது 9.6. ஈகிள்ஸுக்கு 3.5 புள்ளி சாதகம். பொது மைதானம் என்பதால் வேறு கூட்டல் இல்லை. 17 ஆட்டம் என்பது சிறிய மாதிரி, எதிராளிகளின் தரமும் சமமில்லை. ஆகவே வித்தியாசத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழித்து 2.3 என்று வைத்துக்கொள்ளலாம்.

புள்ளியை விழுக்காடாக மாற்ற நினைவில் வைக்க வேண்டியவை: 3 புள்ளி சாதகம் என்றால் ஏறக்குறைய 59 விழுக்காடு, 7 என்றால் 70, 10 என்றால் 78. என்.எஃப்.எல் ஆட்டங்களின் முடிவு எதிர்பார்ப்பிலிருந்து சுமார் 13 புள்ளி அளவுக்குச் சிதறும் என்பதிலிருந்து வரும் எண்கள் இவை. 2.3 புள்ளிக்கு 57 விழுக்காடு. அன்று பந்தயச் சந்தை சீஃப்ஸுக்கு ஒரு புள்ளியளவு சாதகம் கொடுத்திருந்தது. ஈகிள்ஸ் வென்றதால் இந்தக் கணக்கு நிரூபணமாகிவிடாது. 57 என்பது நூற்றில் 43 முறை தவறும் எண்.

பந்தயம் கட்டாதவரும் சந்தையின் எண்ணைப் பார்க்க வேண்டும். பலருடைய கணிப்பின் தொகுப்பு அது. அமெரிக்க முறையில் −150 என்றால் 150 கட்டினால் 100 லாபம்: 150ஐ 250ஆல் வகுக்க 60 விழுக்காடு. எதிரணி +130 என்றால் 100ஐ 230ஆல் வகுக்க 43.5. இரண்டையும் கூட்டினால் 103.5, கூடுதல் 3.5 நிறுவனத்தின் பங்கு. 60ஐ 103.5ஆல் வகுத்தால் உண்மையான மதிப்பீடு 58. உங்கள் எண் இதிலிருந்து 8, 10 விழுக்காடு விலகினால், சந்தை அறிந்த ஏதோ ஒன்றை நீங்கள் பார்க்கவில்லை என்று முதலில் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் அது காயச் செய்தியாக இருக்கும்.

திருத்தங்கள்

சொந்த மைதானத்துக்கு முன்பெல்லாம் 3 புள்ளி சேர்ப்பார்கள். இப்போது ஒன்றரை முதல் 2 வரை போதும்.

காயப் பட்டியல் ஞாயிறு ஆட்டத்துக்குப் புதன், வியாழன், வெள்ளியில் வரும். பயிற்சியில் முழுமை, குறைவு, இல்லை என்று மூன்று நிலை. வெள்ளியன்று சந்தேகம், ஆடுவது அரிது, இல்லை என்ற தீர்ப்பு. ஒரு நாள் நிலையைவிட மூன்று நாள் போக்குதான் பேசும்: இல்லை, குறைவு, முழுமை என்று ஏறினால் ஆடுவார், முழுமையிலிருந்து குறைவுக்கு இறங்கினால் வாரத்தின் நடுவில் ஏதோ நடந்திருக்கிறது. உறுதியான பட்டியல் ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்பு வரும். அதற்குப் பிறகே உங்கள் எண்ணைப் பூட்டுங்கள். எடை போடும்போது, நல்ல குவார்ட்டர்பேக் இல்லாமல்போனால் 5 முதல் 7 புள்ளி கழிக்கலாம். குவார்ட்டர்பேக்கைக் காக்கும் இடது டாக்கிளுக்கு ஒன்று. பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்குக்கு, பெயர் எவ்வளவு பெரிதானாலும், ஒன்றுக்குக் கீழ்தான்.

வானிலையில் குளிரைவிடக் காற்றே ஆட்டத்தை மாற்றும். மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிய காற்றில் நீண்ட பாஸும் நீண்ட உதையும் குறையும். மொத்தப் புள்ளியைக் குறையுங்கள், வெல்லும் அணியை அவசரமாக மாற்றாதீர்கள்.

அதே சீசனில் முன்பு மோதிய முடிவுக்கு மிகக் குறைந்த எடை கொடுங்கள். 2024 செப்டம்பரில் ரேவன்ஸ் பில்ஸை 35–10 என்று நொறுக்கியது. ஜனவரியில் பில்ஸ் வென்றது. நவம்பரில் பில்ஸ் சீஃப்ஸை 30–21 என வென்றது. ஜனவரி 26 அன்று சீஃப்ஸ் 32–29 என்று பதில் கொடுத்தது. பழைய ஆட்டத்திலிருந்து எடுக்க வேண்டியது ஸ்கோரை அல்ல, பொருத்தத்தை: பாஸைப் பிடிக்கும் எந்த ரிசீவரை யார் மறித்தார், ஓட்டத்துக்கு எதிராக எத்தனை பேரை முன்னால் நிறுத்தினார்கள் என்பதை.

ஸ்கோரைச் சொல்வது

ஸ்கோர் கடைசியில் வரும். எதிர்பார்க்கும் மொத்தப் புள்ளி 47, சாதகம் 3 என்றால் 25–22. அதை வழக்கமாக வரும் எண்களுக்கு நகர்த்தினால் 24–21 அல்லது 27–23. வித்தியாசங்களில் 3 மிக அதிகமாகவும், அடுத்து 7ம் வரும். பிளேஆஃபில் சமநிலை கிடையாது. ஸ்கோரோடு விழுக்காட்டையும் எழுதுங்கள். “ஈகிள்ஸ் 27–23, வாய்ப்பு 58 விழுக்காடு” என்று எழுதியவரைத்தான் பிறகு சரிபார்க்க முடியும்.

முழுக் கோப்பைக்கும் கணிப்பதானால் பெருக்குங்கள். ஒவ்வோர் ஆட்டத்திலும் 60 விழுக்காடு வாய்ப்புள்ள முதலிட அணி மூன்றையும் வெல்ல 21.6 விழுக்காடுதான். நான்கு ஆட்டமும் சரிபாதி என்றால் வைல்ட் கார்டு அணிக்கு 6.25.

சரிபார்ப்பு

ஒரு விரிதாளில் ஐந்து நிரல்கள்: தேதி, ஆட்டம், உங்கள் விழுக்காடு, சந்தையின் விழுக்காடு, முடிவு (வென்றால் 1, தோற்றால் 0). உங்கள் விழுக்காட்டைத் தசமமாக எழுதி, முடிவிலிருந்து கழித்து, வர்க்கம் எடுங்கள். 0.70 சொல்லி வென்றால் 0.09, தோற்றால் 0.49. 13 ஆட்டத்தின் சராசரியைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் 50 விழுக்காடு சொன்னால் 0.25 வரும்; அதற்கு மேல் போனால் உங்கள் உறுதி அளவுக்கு மிஞ்சியிருக்கிறது. சந்தையின் சராசரியையும் பக்கத்தில் கணக்கிடுங்கள். ஒரு சீசனின் 13 ஆட்டங்களை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது, ஆகவே தாளை அடுத்த ஆண்டுகளுக்கும் தொடருங்கள். தவறிய கணிப்புகளுக்கு எதிரே இன்னொரு நிரலில் காரணம்: டர்னோவர், காயம், அல்லது அணியைப் பற்றிய உங்கள் மதிப்பீடே பிழை. அடுத்த ஆண்டு முறையில் திருத்த வேண்டியது மூன்றாவது வகையில் விழுந்த ஆட்டங்களை மட்டுமே.